புங்க மரத்துக்குப் பின்னால்

திருவண்ணாமலை,
8-11-1982

அன்புள்ள ரேணுவுக்கு,

நான் நலம். நீயும் ராமன் மச்சானும் நலமாக இருக்க அண்ணாமலையார் அருள வேண்டும். உறையில் என் கையெழுத்தைப் பார்த்தும் அடுப்பில் போடாமல் இதுவரை படித்தாயே, அதற்கே ஒரு கும்பிடு.

உனக்குச் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்திருப்பதாக உன் சிநேகிதி பாஞ்சாலை கடைத்தெருவில் சொன்னாள். பிறத்தியார் சொல்லித்தான் பெண்டாட்டிக்கு வேலை கிடைத்த செய்தி புருஷனுக்குத் தெரியவேண்டியிருக்கிறது. போகட்டும். சந்தோஷம்.

எழுதுவது ஒரு காரியமாக. அரைப்பரீட்சை லீவில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சாரணர் கேம்ப். டிசம்பர் 26 முதல் 29 வரை, முப்பத்திரண்டு பையன்கள், மூன்று ராத்திரி. சாத்தனூரில் ஒரே கூட்டம், லவுட்ஸ்பீக்கர். உங்கள் புங்கந்தாங்கல் பக்கம் மலையடிவாரத்தில் ஏரியும் இருக்கிறது, அணையும் இருக்கிறது. தண்ணீர் பக்கத்தில் இருக்கவேண்டும், ஆனால் தண்ணீர் ஏறும் இடமாக இருக்கக்கூடாது. மேடு, நிழல், சமதளம். உனக்கு அங்கே தெரியாத இடம் உண்டா? ஒரு நல்ல இடம் பார்த்து எழுது.

இன்னொன்றும் கேட்கிறேன். வருஷா வருஷம் கேட்பதுதான். வேதாவை எங்கே வைத்திருக்கிறீர்கள் ரேணு? அப்பன் நான். ஒரு தடவை அங்கே நின்று ஒரு கை பால் ஊற்றிவிட்டு வந்தால் போதும். அதற்குப் பிறகு உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

அன்புடன்,
சகாதேவன்


புங்கந்தாங்கல்,
17-11-1982

சகாதேவன் சாருக்கு,

கடிதம் வந்தது. வேலை கிடைத்தது உண்மைதான். மனுவில் கணவர் பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதி, பக்கத்தில் ‘பிரிந்து வாழ்கிறார்’ என்று எழுதினேன். அந்த மாதிரிப் பெண்களுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்களால் எனக்கு நடந்த ஒரே உபகாரம்.

இடம் கேட்டீர்கள். மூன்று இடம் இருக்கிறது.

மலையடிவார ஏரிக்கரை. பார்க்க அழகு. ஆனால் மார்கழியில் களிமண் கணுக்கால்வரை இழுக்கும். பையன்களுக்கு ஜுரம் வரும். ஜுரம் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும், அவர்களைப் பெற்றவர்களுக்குத் தெரியாது.

அணையின் மதகுப் பக்கம். படிக்கட்டு, விளக்கு எல்லாம் உண்டு. எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. வேண்டாம்.

மூன்றாவது, அணையின் மேற்குக் கரையில் எங்கள் அண்ணன் நிலத்தை ஒட்டிய மேடு. எந்த மழைக்கும் தண்ணீர் அங்கே ஏறியதில்லை. பெரிய புங்க மரம் ஒன்று நிற்கிறது. அங்கே போடுங்கள். அண்ணனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். ஆடு மேய்ப்பவர்களைத் தவிர யாரும் வரமாட்டார்கள்.

இன்னொன்று கேட்டீர்கள். குழந்தைக்கு ஜுரம் ரொம்ப ஜாஸ்தியாக இருக்கிறது என்று தந்தி கைக்குக் கிடைத்த பிறகும், கேம்ப் ஃபயர் முடியட்டும் என்று பெங்களூர்ப் பக்கம் ஒரு நாள் தங்கியவர் நீங்கள். வந்து சேர்ந்தபோது இங்கே பால் தெளித்து முடிந்திருந்தது. ‘எங்கடி வெச்ச?’ என்று வாசலில் நின்று கேட்டீர்கள். அன்றைக்குச் சொல்லவில்லை. இன்றைக்கும் எழுதப்போவதில்லை.

29-ஆம் தேதி காலையில் கேம்புக்கு வருகிறேன். நேரில் பேசிக்கொள்ளலாம்.

ரேணுகாம்பாள்


திருவண்ணாமலை,
5-12-1982

என் அன்புள்ள ரேணுவுக்கு,

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். திட்டியிருக்கிறாய். திட்டு. நேரில் வருகிறேன் என்றும் எழுதியிருக்கிறாயே, எனக்கு அது போதும்.

தீபம் முடிந்தது. மூன்று நாள் பையன்களோடு கூட்டத்தில் கயிறு பிடித்து நின்றதில் தொண்டை கட்டிக்கொண்டது. காணாமல் போன குழந்தைகள் பதினொன்றைப் பெற்றவர்களிடம் சேர்த்தோம். அதில் ஒரு பெண் பிள்ளை என் சட்டையை விடவே இல்லை. நம் வேதா இருந்தால் இந்தத் தையில் பதினொரு வயது.

போன ஞாயிறு நானும் டிராயிங் மாஸ்டர் ஆதிமூலமும் சைக்கிளில் வந்து மேட்டைப் பார்த்துவிட்டுப் போனோம். உன் வீட்டுப் பக்கம் வரவில்லை, மச்சானுக்குப் பயந்து. எத்தனையோ கேம்ப் போட்டிருக்கிறேன், இப்படி ஒரு இடம் அமைந்ததில்லை. ஆதிமூலம் வரைபடமே போட்டுவிட்டார். உனக்கு எப்படித்தான் தோன்றியதோ.

கடைத்தெருவில் ஒரு ஜோடி கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருக்கிறேன், பச்சை நிறம். பதினொரு வயதுக் கைக்கு. நீ அங்கே என்னைக் கூட்டிப் போனால் வைத்துவிட்டு வருவேன். சிரிக்காதே.

வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய வீடு ஒன்று வாடகைக்கு இருக்கிறது. முற்றத்தில் கிணறு. சும்மா சொன்னேன்.

உன்,
சகாதேவன்


புங்கந்தாங்கல்,
15-12-1982

அன்புள்ள மாமாவுக்கு,

இப்படி எழுதிக் கை பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. அடித்துவிட்டு வேறு எழுதலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் குடியுங்கள். பையன்களை மேய்க்கிற ஆளுக்குத் தன் உடம்பு பார்க்கத் தெரியாது.

கூடாரங்களை மரத்துக்குக் கிழக்கே, தண்ணீரைப் பார்த்தமாதிரி போடச் சொல்லுங்கள். நீங்கள் மட்டும் மரத்தடியில் படுங்கள். மேற்கே தலை வையுங்கள். மூன்று ராத்திரியும் அப்படியே. ஏன் என்று கேட்கவேண்டாம், எனக்காக ஒரு தடவை காரணம் கேட்காமல் செய்யுங்கள். மரத்தில் கிளை ஒடிக்க விடாதீர்கள்.

29-ஆம் தேதி வெண்பொங்கல் செய்து எடுத்து வருகிறேன். முப்பத்திரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். தினமும் நூற்றிருபது பிள்ளைகளுக்கு ஆக்கிப்போடுகிற எனக்கு அது ஒரு பாரமில்லை. சாப்பிட்டபின் பையன்களை ஆதிமூலம் சாரிடம் விட்டுவிட்டு என்னோடு வாருங்கள். ரொம்ப தூரம் நடக்கவேண்டியிருக்காது.

அண்ணனுக்கு இஷ்டமில்லை. ‘அந்த ஆளுக்கு எதுக்குடி?’ என்கிறார். நான் பேசிக்கொள்கிறேன்.

வளையலை உடைக்காமல் கொண்டுவாருங்கள்.

ரேணு


திருவண்ணாமலை,
2-1-1983

அன்புள்ள ரேணுவுக்கு,

ஏன் வரவில்லை? 29-ஆம் தேதி பதினோரு மணிவரை கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். லாரிக்காரன் கத்த ஆரம்பித்த பிறகுதான் கிளம்பினேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே? மச்சான் தடுத்துவிட்டாரா? மூன்றாம் நாள் சாயந்திரம் அவர் வந்தார். வாங்க மச்சான் என்று எழுந்து போனேன். மரத்துக்குப் பின்னால் போய்ச் சற்று நேரம் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். அப்படியே திரும்பிப் போய்விட்டார். இன்னும் கோபம் போகவில்லை போலிருக்கிறது.

கேம்ப் என்றால் அதுதான் கேம்ப். ஜில்லா கமிஷனர் பார்க்க வந்து, சுத்தத்துக்கு முதல் பரிசு உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். எல்லாம் நீ சொன்ன இடத்தின் ராசி. நீ சொன்னபடி கூடாரமெல்லாம் கிழக்கே போட்டோம். கக்கூஸ் குழியைத் தண்ணீருக்கு எதிர்ப்பக்கம் எடுப்பதுதான் முறை, அதனால் மரத்துக்கு மேற்கே முப்பது அடி தள்ளிப் பார்த்தோம். எங்கே கடப்பாரை போட்டாலும் ஒரே சுக்கான்பாறை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் மண் பொலபொலவென்று இருந்தது. பையன்கள் ஒரு மணி நேரத்தில் இரண்டரை அடி எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் மண்ணுக்குள் பாதி புதைந்து ஏழெட்டுக் கருங்கல் கிடந்தது. அவற்றையே அடுப்புக்கு வைத்துக்கொண்டோம், கல் தேடி அலையவேண்டிய வேலை மிச்சம்.

கிளம்பும்போது குழியைச் சுண்ணாம்பு போட்டு மூடி, சட்டப்படி பலகையும் நட்டுவிட்டோம். சிவப்புப் பெயிண்டில் நானே எழுதினேன்.

மரத்தடியில்தான் படுத்தேன். ஏழு வருஷமாக இப்படித் தூங்கியதில்லை. இரண்டாம் நாள் மேலக்காற்று நாற்றத்தைக் கொண்டுவந்ததால் தலையைக் கிழக்கே மாற்றிக்கொண்டேன். அதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

வளையல் உடையாமல் என் பெட்டியில் இருக்கிறது. தை ஐந்தாம் தேதி வேதா பிறந்த நாள். அன்றைக்கு வருகிறேன். இனிமேலாவது அந்த இடத்தைச் சொல்லிவிடு ரேணு.

உன்,
சகாதேவன்


புங்கந்தாங்கல்,
10-1-1983

நான் 29-ஆம் தேதி வந்தேன். விடிகாலையில் பொங்கல் அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு கரைவரை வந்தேன். அண்ணன் பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்து நிறுத்தினார். முந்தின நாளே அவருக்குத் தெரியும், என்னிடம் சொல்ல வாய் வரவில்லை. ‘போவாத ரேணு, பாக்காத’ என்றார். பார்த்துவிட்டேன். புங்க மரத்துக்குப் பின்னால் தென்னந்தடுக்கு மறைப்பு. அதற்கு முன்னால் கையில் குவளையோடு வரிசையில் நிற்கிற பையன்கள். பொங்கலை மீனுக்குக் கொட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் ஊரில் பெரியவர்களைத்தான் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவார்கள். சின்னக் குழந்தையை அவரவர் நிலத்து ஓரத்தில் புதைப்பார்கள். கல் நாட்டமாட்டார்கள், பேர் எழுதமாட்டார்கள். அண்ணன் ஒரு ராத்திரியும் ஒரு பகலுமாக அந்தப் பாறையைப் பேர்த்து அவளுக்கு ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி எடுத்தார். அதனால்தான் உங்கள் பையன்களுக்கு மண் பொலபொலவென்று வந்தது. நரி தோண்டக்கூடாது என்று மேலே வைத்த கல் அது. அதில் சோறு வடித்தீர்கள்.

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. புத்தகத்தில் இருக்கிறபடி செய்தீர்கள். அன்றைக்குத் தந்தி வந்தபோதும் அப்படித்தான்.

தப்பு என்னுடையது. மூன்று ராத்திரி தெரியாமலே அவள் பக்கத்தில் தலை வைத்துப் படுக்கட்டும், நான்காம் நாள் கையைப் பிடித்து முப்பது அடி கூட்டிப்போய்க் காட்டலாம் என்று ஆசைப்பட்டேன். வேங்கிக்கால் வீட்டுக் கிணற்றைக்கூட நினைத்துப் பார்த்தேன். ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. அதற்கு நான் இருக்கிறவரை அழுதுகொள்கிறேன். அந்த அழுகையில் உங்களுக்குப் பங்கு கிடையாது.

தை ஐந்தாம் தேதி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வாருங்கள், வராமல் போங்கள். என் வீட்டு வாசலுக்கு வரவேண்டாம். இனி கடிதமும் வேண்டாம், வந்தால் பிரிக்காமல் அடுப்புக்குப் போகும்.

இடம் எங்கே என்று யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. ஏழு வருஷம் எனக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரிந்த இடத்துக்கு இப்போது அடையாளம் இருக்கிறது. பலகையைப் பிடுங்க அண்ணன் மண்வெட்டியோடு போனார். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ‘அசுத்தமான இடம், இங்கே தோண்டாதீர்’ என்று நல்ல குண்டு எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். கரையிலிருந்தே படிக்க முடிகிறது.

இப்படிக்கு,
வேதாவின் அம்மா