சம்பந்தியம்மாவுக்கு ஒரு தனி வாசல்

மாமா,

காலையிலிருந்து வீடெல்லாம் ஈர சிமெண்ட் வாசனை. ஹாலுக்கும் அம்மாவின் அறைக்கும் நடுவே நீங்கள் எழுப்பிய சுவரில் நேற்று ஒரு வாசல் அளவுக்கு இடித்தார்கள். இன்று மிஸ்திரி அங்கே கதவுச் சட்டம் வைத்துப் பூசிக்கொண்டிருக்கிறார். ஹால் சாமான் பாதி சமையலறையில் குவிந்து கிடக்க, அதற்கு நடுவில் எல்லோருக்கும் பொங்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அலுப்பாக இருக்கிறது, மாமா. மாலை போட்ட படத்தில் இருக்கும் உங்களிடம்தான் சொல்லத் தோன்றுகிறது.

நீங்கள் ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, புனே ஏரவாடாவில் இந்த வீட்டுக்கு வந்த புதிது. ஆரணியில் அப்பா போய்விட்டார். அம்மாவுக்கு என்னை விட்டால் ஆளில்லை. கூட்டிவரப் போன நம்மிடம் ஒரே பிடியாக நின்றாள்.

"பொண்ணு வூட்டுல போயி ஒக்காந்து சோறு துன்னா ஊரு இன்னா பேசும்?"

நான் அழுதேன். நீங்கள் சிரித்தீர்கள். "பொண்ணு வூட்டுக்கு வர வேணாம் சம்பந்தியம்மா. பக்கத்து வூட்டுக்கு வாங்க."

சொன்னபடியே, துணி உலர்த்தும் இடத்தில் ஓர் அறை, தனி அடுப்பு, சந்துப் பக்கம் தனி வாசல். நம் ஹாலுக்கு வர உள்வழி கிடையாது. "மழைக்காலத்துல எப்டிப்பா போறது?" என்று உங்கள் மகன் சண்டை போட்டார். "நனைஞ்சிக்கினு போ" என்றீர்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டதாகச் சந்தில் பேசினார்கள். நீங்களோ தினமும் சந்தைச் சுற்றிப் போய், வெளியூரிலிருந்து வந்தவர்போல "சம்பந்தியம்மா இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பீர்கள். அம்மா முக்காடு சரிசெய்து காபி போடுவாள். புனே மழையில் குடையும் தட்டுமாக அலைந்த நாட்களில் மனசுக்குள் உங்களைத் திட்டியும் இருக்கிறேன்.

போன மாதம் அம்மா அறையில் வழுக்கி விழுந்தாள். டிவி சத்தத்தில் அவள் கூப்பிட்டது எங்களுக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மா ஓடிவந்து சொன்ன பிறகுதான் தெரியும். உங்கள் மகன் மிஸ்திரியைக் கூட்டிவந்துவிட்டார். அவர் செய்தது சரிதான்.

நேற்று மதியம் ஓட்டை வழியே எங்கள் ஃபிரிட்ஜையும் சோபாவையும் பார்த்தபடி அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தட்டை நீட்டினேன். தள்ளிவிட்டாள்.

"அப்போ இனிமே நான் பொண்ணு வூட்டுலதான் இருக்கேனா? ஆரணிக்கு டிக்கெட் போடு."

ஆரணியில் யார் இருக்கிறார்கள்? கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவும் தெம்பில்லை. தூசியோடு தூசியாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இது என் வூடு இல்லம்மா. மாமா வூடு. அவரு கூப்டு வந்தவ நீ. போவச் சொல்ல நான் யாரு?"

அம்மா தட்டை இழுத்துக்கொண்டாள். "உப்பு பத்தல" என்றாள்.

உப்பெடுக்கப் போனவள் சமையலறையில் நின்று அழுதுவிட்டேன். இத்தனை வருஷம் இந்த வீட்டுக்கு உழைத்திருக்கிறேன். என் அம்மாவுக்கு ஒரு வாய் சோறு போட என் பேர் போதவில்லை, மாமா. இன்றைக்கும் உங்கள் பேரைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.