மூன்று கொட்டகைக்கு ஒரே முத்திரை

1932 ஆகஸ்ட் 9, செவ்வாய். ஆம்பூர்.

காலையிலிருந்து தூறல். காயப்போட்ட தோல்களை இரண்டு முறை உள்ளே எடுத்து, இரண்டு முறை வெளியே போட்டோம். பதினோரு மணிக்குத் தபால் வந்தது. பட்டணத்து ஏஜெண்ட் எழுதியிருக்கிறார். சீமையில் தோல் விலை விழுந்துவிட்டதாம். அக்டோபர் முதல் இருநூறு டஜனுக்குக் குறைந்த சரக்கை அவர் எடுத்துக்கொள்ள மாட்டாராம். மரியாதையான கடிதம்தான். ‘ஸ்ரீமதி அமிர்தவள்ளி அம்மாள் அவர்களுக்கு’ என்று தொடங்கி, ‘தங்கள் விசுவாசமுள்ள’ என்று முடிகிறது.

நம் ஆறு பதனிடும் தொட்டியில் மாதம் முழுக்க மாடாய் உழைத்தாலும் ஐம்பது டஜன் தேறும்.

மேஸ்திரி வேலு கேட்டார்: “இன்னாம்மா எழுதிக்குறான்?”

“ஒண்ணுமில்ல. சரக்கு கிடைச்சுதாம்” என்றேன். ஏன் பொய் சொன்னேன்?

ஆகஸ்ட் 10

சாப்பாடு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 13, சனி

ஊரின் பெரிய தோல் கொட்டகையின் கணக்குப்பிள்ளை வந்தார். அவருக்கு அதற்குள் எப்படித் தெரிந்தது? “எத்தினி நாளைக்கு ஒண்டியா அல்லாடுவீங்க? தொட்டிங்கள எங்களுக்கு விட்டுடுங்க. ஆளுங்கள்ல நாலு பேர நாங்களே வச்சிக்கிறோம்” என்றார். இங்கே எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். எந்த நாலு பேர் என்று நான் கேட்கவில்லை. அவர் போன பிறகு ஏஜெண்டின் கடிதத்தை வேலு பார்க்கக்கூடாது என்று முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் இருந்தால் என்ன செய்திருப்பார்? மூன்று வருஷமாக இதே கேள்வி. இவருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. தோல் பதனிடும் ஆவாரம்பட்டை எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதைக்கூட அடுத்த கொட்டகைக்காரனிடம் சொல்ல மாட்டார். நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவள். தோல் வேலை இவர் சொல்லிக் கற்றதுதான். பயமும் அப்படியே ஒட்டிக்கொண்டதோ என்னவோ.

ஆகஸ்ட் 16

வேலு ஒரு சேதி கொண்டுவந்தார். பின் தெருவில் முனவ்வர் பேகத்தின் கொட்டகை மேஸ்திரி பெரிய இடத்துக்குப் போய்விட்டானாம். அந்த அம்மாளும் என்னைப் போல வீட்டுக்காரரை இழந்தவர். கோஷா, வெளியே வரமாட்டார். அறுபது டஜன் பச்சைத்தோல் உப்புப் போட்டபடியே கிடக்கிறதாம். இந்த ஈரத்தில் எத்தனை நாள் தாங்கும்?

அவரிடம் தோல் இருக்கிறது, ஆள் இல்லை. என்னிடம் ஆள் இருக்கிறது, தோல் போதாது. இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம். போய்ப் பேசத்தான் தைரியம் வேண்டும்.

ஆகஸ்ட் 17

பின் தெரு முனை வரை மூன்று முறை போனேன். மூன்று முறை திரும்பினேன்.

ஆகஸ்ட் 18, வியாழன்

போய்விட்டேன். பெண் என்பதால் நேராக உள்ளே கூப்பிட்டார்கள். முனவ்வர் பேகம் என்னைவிடச் சின்னவர், முப்பதுதான் இருக்கும். ஏஜெண்டின் கடிதத்தை என் முன்னால் வைத்தார். அதே கடிதம், பெயர் மட்டும் வேறு.

“கிடங்கு அந்தாண்ட இருக்குது டீச்சரம்மா. நாப்பது அடி தூரம். அங்க தோல் இன்னா கதியில இருக்குதுன்னு ஆம்பிளைங்க சொல்லிதான் நான் தெரிஞ்சிக்கணும். எவன் மெய் சொல்றான், எவன் பொய் சொல்றான்?”

வேலுவை அனுப்புகிறேன், தினம் நானும் வந்து பார்க்கிறேன் என்றேன். இரண்டு சரக்கையும் ஒரே முத்திரையில் அனுப்பலாம் என்றும் சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணினார். அறுபதும் ஐம்பதும் நூற்றுப்பத்து. “போதாதே. ஹபீப் பாய்க்கும் இந்தக் கடுதாசி வந்துருக்கும். எங்க வீட்டுக்காரருக்குத் தோஸ்த். கூப்பிட்டனுப்பறேன்.”

திரும்பி வரும்போதுதான் யோசித்தேன். ஒரு முத்திரை என்றால் ஒருவர் தப்பு எல்லார் தலையிலும் விடியும். அவர்கள் கெடுத்தால் நானும் கெட்டேன்.

நான் கெடுத்தால்?

ஆகஸ்ட் 24, புதன்

பேகம் வீட்டுக் கூடத்தில் பேச்சு. திரைக்கு உள்ளே பேகம், வெளியே ஹபீப் பாய். நான் திரை ஓரத்தில் உட்கார்ந்தேன். இரண்டு முகமும் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. ஹபீப் பாய் ஐம்பது வயதுக்காரர், பாலாற்றுப் பக்கம் கொட்டகை. சிரிப்பே கிடையாது. தொண்ணூறு டஜன் தருவதாகச் சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை.

“ஒவ்வொரு தோலையும் நான் தொட்டுப் பாத்து தரம் பிரிப்பேன். எவர் சரக்குலயாவது கெட்டத நல்லதோட கலந்து வச்சா, அவங்க வெளிய போவணும். அப்புறம் பேச்சே இல்ல. சம்மதமா?”

உள்ளே பேகம் தலையசைத்தார். ஹபீப் பாய்க்கு அது தெரியாதே, அதனால் நான்தான் வெளியே பார்த்து “சம்மதம்” என்றேன். ஒரே வார்த்தையில் இரண்டு பேருக்குமாகக் கையெழுத்துப் போட்டது போல இருந்தது.

செப்டம்பர் 2

திருப்பத்தூர்ப் பட்டை வியாபாரி ராமமூர்த்தி தானே வந்தார். தனித்தனியாகப் போனபோது ஈரப்பட்டையும் தூளும்தான் நமக்கு வரும், நல்லது பெரிய இடத்துக்குப் போய்விடும். மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்பது வண்டி என்றதும் புதுப்பட்டையை முதலில் இங்கேதான் இறக்கினார். வண்டி வாசலில் நின்றபோது வேலு ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்துகொண்டே இருந்தார்.

சந்தோஷப்படலாமா? பெரிய கொட்டகைக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

செப்டம்பர் 11, ஞாயிறு

சர்ச்சில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. இந்த வாரம் ஹபீப் பாய் முடி நீக்கத் தோல் ஊறவைக்கும் என் சுண்ணாம்புத் தொட்டியைப் பார்த்துவிட்டு, “மழை நாள்ல இவ்ளோ காரம் ஜாஸ்தி. கம்மி பண்ணுங்க” என்றார். என் வீட்டுக்காரரானால் இப்படி ஒரு விஷயத்தை யாருக்கும் சொல்லியிருக்க மாட்டார். நான் பதிலுக்கு, கடுக்காய்த் தண்ணீரை இரண்டு தவணையாக ஊற்றும் எங்கள் வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தேன். சொன்ன பிறகு ஏதோ திருடிக் கொடுத்தது போலக் குற்ற உணர்ச்சி.

போகும்போது அவர் சொன்னது: “உங்க சரக்க நீங்களே தரம் பிரிச்சிக்கங்க. உங்க கண்ணு போதும்.”

செப்டம்பர் 20, செவ்வாய்

கர்த்தரே.

செப்டம்பர் 21

நேற்று எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

வேலு நாலு நாளாகக் காய்ச்சலில் படுத்திருக்கிறார். சுண்ணாம்பிலிருந்து தோலை எந்த நாள் எடுப்பது என்பதை நான்தான் முடிவு செய்தேன். மழை, குளிர்ச்சி, இன்னும் ஒரு நாள் ஊறட்டும் என்று விட்டேன். காரத்தைக் குறைக்கச் சொன்னாரே, குறைத்தோமே, ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். மூன்றாவது தொட்டியில் குறைக்கவே இல்லை. ஆளிடம் சொல்ல மறந்தது நான். நேற்றுக் காலை ஒரு தோலைத் தூக்கினேன். விரல் பட்ட இடத்தில் மேல்தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். பதினெட்டு டஜன்.

வேலு போர்த்திக்கொண்டு எழுந்து வந்து பார்த்தார். யாரும் இல்லையா என்று சுற்றிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: “பதம் பண்ணி எண்ணெ போட்டுட்டா மேலாப்ல தெரியாதும்மா. கட்டுக்கு நடுவுல வச்சிரலாம். உங்க சரக்க அவுரு பாக்க மாட்டாரு இல்ல?”

அவர் பார்க்க மாட்டார். என் கண் போதும் என்று சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 22

சொல்லாவிட்டால் பட்டணத்தில் தெரியும். மூன்று பேர் பெயரும் போகும். சொன்னால் இருநூறு நிறையாது, மூன்று பேர் சரக்கும் நிற்கும். எப்படிப் போனாலும் நான்தான் காரணம். இன்னா பண்ணுவேன்? யார்கிட்ட கேப்பேன்?



செப்டம்பர் 23, வெள்ளி

தொழுகை முடிந்து ஹபீப் பாய் வரும் நேரம் பார்த்துப் பேகம் வீட்டில் காத்திருந்தேன். இரண்டு பேரும் இருக்கும்போது ஒரே தடவையாகச் சொல்லிவிட வேண்டும், இரண்டாம் தடவை சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது. சொன்னேன். மறைக்க நினைத்ததையும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஹபீப் பாய் முகம் சிவந்தது. “கெட்டத கலந்தா வெளியன்னேன். நீங்க கலக்கல. அதனால வெளியன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா சரக்கு எங்க? என் தொண்ணூறு டஜன நான் இன்னா பண்ண? கூட்டே வேணாம்னுதான் எங்க வாப்பா சொன்னாரு” என்று எழுந்து போய்விட்டார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டிக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 24

யாரும் வரவில்லை.

செப்டம்பர் 25, ஞாயிறு

மத்தியானம் கொட்டகை வாசலில் திரை போட்ட மாட்டு வண்டி வந்து நின்றது. வண்டிக்காரன் ஓடிவந்து, “ஆம்பிளைங்க எல்லாரும் அந்தப்பக்கம் போங்க” என்றான். ஞாயிற்றுக்கிழமை, வேலு மட்டும்தான் இருந்தார். அவரும் போனார். புர்கா அணிந்த பேகம் இறங்கி வந்தார். மாமியார் வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் வந்திருக்கிறார்.

“எங்க அது? காட்டுங்க.”

மூன்றாவது தொட்டிக்கு அழைத்துப் போனேன். முகத்திரையை மேலே தூக்கிவிட்டு, குனிந்து, ஒரு தோலை இரண்டு கையாலும் எடுத்தார். நாற்றத்துக்கு முகம் சுளித்தார், விடவில்லை.

“பதினாலு வருஷமா இந்தச் சோறுதான் துன்றேன். ஈரத் தோல இன்னிக்குதான் தொடறேன்” என்றார். பிறகு, “பதினெட்டு டஜன்தானே கம்மி? பேர்ணாம்பட்டுல எங்க பெரியம்மா வீட்டுல நாலு தொட்டி ஓடுது. அவங்களுக்கும் இந்த ஏஜெண்டு கதவச் சாத்திட்டான். எழுதலாம்.”

எண்ணெய்ப் பீப்பாய் மேலேயே காகிதத்தை வைத்து எழுதினோம். அவர் உருதுவில் பெரியம்மா வீட்டுக்கு. நான் தமிழில் ராமமூர்த்திக்கு: பட்டை கொடுக்கப் போகும் ஊர்களில் சின்னத் தொட்டிக்காரர்கள் யார் யார், தயாராக உள்ள சரக்கு யாரிடம் இருக்கிறது என்று கேட்டு. அவரிடம் இல்லாத விலாசமா? அணைக்கட்டு ஊர் வரைக்கும் அவருக்குத் தெரியாத தொட்டி கிடையாது.

“உங்களுக்கு நடந்தத நான் மறைக்காம எழுதிட்டேன், டீச்சரம்மா. கோவமா?” என்றார் பேகம்.

கோபமில்லை. பயம். இனி பேர்ணாம்பட்டு வரை என் பெயர் நாறும்.

செப்டம்பர் 29

மழை. பதில் இல்லை.

அக்டோபர் 3, திங்கள்

ஹபீப் பாய் வந்தார். வாசலிலேயே நின்றார்.

“பேர்ணாம்பட்டுலேந்து ஆள் வந்து என்னை விசாரிச்சிட்டுப் போனாங்க. கூட்டுல ஒரு அம்மா தன் சரக்கு கெட்டதுன்னு தானே சொன்னாங்களாமே, நெசந்தானான்னு கேட்டாங்க. நெசந்தான்னேன்.” தெருவைப் பார்த்தபடியே தொடர்ந்தார். “அப்டின்னா பன்னெண்டு டஜன் தர்றாங்களாம். இப்படிப்பட்ட எடத்துல சரக்க வுட்டு வைக்கலாம்னு சொல்றாங்க.”

நான் முக்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

“எனக்குக் கோவம் போவல. சொல்லிட்டேன்” என்றார். போய்விட்டார். ஆனால் ராமமூர்த்தி வழியாக மாதனூர்க்காரர் ஒருவர் தருவதாகச் சொல்லியனுப்பிய ஆறு டஜனைப் போய்ப் பார்த்து வாங்கிவந்தது ஹபீப் பாயேதான்.

அக்டோபர் 19, புதன்

கட்டுகள் ரயிலில் ஏறின. எல்லாக் கட்டிலும் ஒரே முத்திரை. என் சரக்கு முழுவதையும் ஹபீப் பாயையே மறுபடி பார்க்கச் சொன்னேன். ஒரு நாள் முழுக்கப் பார்த்தார். எட்டுத் தோலை எடுத்து ஓரமாக வைத்தார். அந்த எட்டுக்குப் பதில் தன்னுடையதில் எட்டு வைத்தார்.

அக்டோபர் 24

பட்டணத்தில் பிரித்துப் பார்ப்பார்கள். இன்றைக்கா? நாளைக்கா?

அக்டோபர் 27, வியாழன்

கடிதம். சரக்கு முழுவதும் எடுத்துக்கொள்ளப்பட்டது. அடுத்தது எப்போது என்று கேட்டிருக்கிறார். எங்கேயாவது ‘ஆனால்’ என்று எழுதியிருக்கிறதா என்று நாலு தடவை படித்தேன். இல்லை. பேகத்திடம் ஓடினேன். வழியில் செருப்பு அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு போனேன்.

டிசம்பர் 12

ஏழு கொட்டகை ஆகிவிட்டோம். ஆள் கூடக்கூட பயமும் கூடுகிறது. ஏழில் எது எப்போது கெடும்? பேகத்துக்கும் இதே பயமாம். “தனியா பயந்தோம், இப்ப சேந்து பயப்படறோம்” என்றார். ஹபீப் பாய் திரைக்கு வெளியே சிரித்தார். முதல் தடவை கேட்கிறேன்.

1933 பிப்ரவரி 14, செவ்வாய்

பட்டைத் தொட்டிப் பக்கம் நின்றிருந்தேன். வேலு வந்து, “அணைக்கட்டுலேந்து ஒரு பொம்பள காலைலேந்து வாசல்ல நிக்குதும்மா. கூப்ட்டாலும் உள்ள வரமாட்டேங்குது” என்றார்.

போய்ப் பார்த்தேன். பெயர் கெங்கம்மாள். அவளும் புருஷனும் இரண்டே தொட்டி வைத்திருக்கிறார்களாம். கூட்டில் சேர, மாதிரிக்கு ஒரு தோலைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கதவுக் கட்டையைப் பிடித்தபடி நின்றாள். என்னைக் கண்டதும் பேச ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டாள். யாரைப் பார்த்து இப்படிப் பயப்படுகிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை.

“இன்னா பயம்? உள்ள வா” என்றேன்.

தோலை வெளிச்சத்தில் விரித்தோம். கழுத்துப் பக்கம் சுண்ணாம்பு சரியாகக் கழுவப்படவில்லை. அதைச் சொன்னேன். மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்தது. அதையும் சொன்னேன்.