எட்டு ஸ்பூன் மாவு

ஹோகிடிகா, நியூசிலாந்து
3 மார்ச் 1987

லெஸ்டருக்கு,

தெல்மா அக்கா வீட்டில் சௌக்கியமாக இருக்கிறேன். புருஷனோடு கோபித்துக்கொண்டு வந்தவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று நினைப்பாய். உன் வெனிலா ஸ்லைஸ் செய்முறை வேண்டும். இங்கே அதைக் கஸ்டர்ட் ஸ்கொயர் என்கிறார்கள். மேலும் கீழும் மொறுமொறுத் தகடு, நடுவில் கஸ்டர்ட், எல்லாம் இருக்கிறது, ருசியைத்தான் காணோம். பதினெட்டு வருஷம் உன் பேக்கரிக் கல்லாவில் நின்றேன், ஒரு நாளாவது மாவைத் தொட விட்டாயா?

சனிக்கிழமைச் சந்தையில் கடை போடப் போகிறேன். வியாபாரம் நன்றாகப் போனால் எங்கள் தெருவில் காலியாகக் கிடக்கும் மூலைக்கடையை எனக்கே வாடகைக்கு விடுவதாக அதன் சொந்தக்காரர் சொல்லியிருக்கிறார். இங்கே தராசு கிடையாது. ஸ்பூன் கணக்கில் எழுது.

மொய்ரா


மில்டூரா, ஆஸ்திரேலியா
12 மார்ச் 1987

அன்பு மொய்ரா,

உன் கையெழுத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அடுப்பிலிருந்த ரொட்டியைக் கருக விட்டேன். செய்முறை இத்துடன் இருக்கிறது. நான் எல்லாவற்றையும் எடையில் போட்டே பழகினவன். உனக்காக ஒரு லிட்டர் பாலுக்குக் குறைத்து, நம் வீட்டு டேபிள்ஸ்பூனால் அளந்தேன். கஸ்டர்ட் கெட்டிப்படக் கார்ன்ஃப்ளவர் மாவு தலைதட்டி எட்டு ஸ்பூன்.

சந்தை ஆசை தீர்ந்ததும் வந்துவிடு. கல்லாவில் இப்போது நிற்கிற பெண் வருகிறவர்களை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நீ இல்லாத வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை.

என்றும் உன்
லெஸ்டர்


ஹோகிடிகா
29 மார்ச் 1987

லெஸ்டர்,

நல்ல காரியம் செய்தாய். கஸ்டர்ட் கெட்டிப்படவே இல்லை. கத்தி வைத்ததும் வழிந்து தட்டெல்லாம் ஓடியது. கசாப்புக்கடை ரெக்ஸ் அத்தனை பேர் முன்னாலும் கேட்டான்: "ஏம்மா, இதைக் கடிக்கணுமா, குடிக்கணுமா?" அங்கே சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

நீ எழுதினபடி தலைதட்டி எட்டு ஸ்பூன்தான் போட்டேன். நான் தோற்றுப்போய்த் திரும்பி வரட்டும் என்றுதானே குறைத்து எழுதினாய்? ஈஸ்டருக்கு இன்னொரு சந்தை கூடுகிறது. அதிலும் சொதப்பினால் மூலைக்கடை எனக்கில்லை.

மொய்ரா


மில்டூரா
8 ஏப்ரல் 1987

அன்பு மொய்ரா,

சத்தியமாகக் குறைத்து எழுதவில்லை. மாவா, பாலா, எது கெடுத்தது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். நமக்கு ஈஸ்ட் கொண்டுவருகிறவன் நியூசிலாந்துக்காரன் இல்லையா, அவனிடம் புலம்பினேன். விழுந்து விழுந்து சிரித்தான். "அட, எங்க ஊரு டேபிள்ஸ்பூன்ல மூணு டீஸ்பூன்தான் பிடிக்கும். உங்க ஊருதுலதான் நாலு!" என்றான். எனக்கென்ன தெரியும்? நீ எட்டுப் போட்டாலும் என் கணக்குக்கு ஆறுதான் விழுந்திருக்கிறது. நீயே அளந்து பார்.

இனி ஸ்பூனே வேண்டாம். ஒரு சின்னத் தராசு வாங்கிக்கொள். ஒரு லிட்டர் பாலுக்கு எண்பது கிராம். எண்பது கிராம் எந்த ஊரிலும் எண்பது கிராம்தான்.

நீ திரும்பி வரவேண்டும் என்று நான் நினைத்தது பொய்யில்லை. இது சரியாக வந்தால் கடை உனக்குக் கிடைத்துவிடும், நீ வரமாட்டாய். அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

லெஸ்டர்


ஹோகிடிகா
24 ஏப்ரல் 1987

அன்பு லெஸ்டர்,

அளந்து பார்த்தேன். மூன்றேதான். உன்னைக் கண்டபடி பேசிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

எண்பது கிராம் போட்டேன். வெட்டின துண்டு அசையாமல் நின்றது. ரெக்ஸ் இரண்டு தின்றுவிட்டு மூன்றாவதைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனான். மூலைக்கடைச் சாவி நேற்று என் கைக்கு வந்துவிட்டது.

நான் வரவில்லை, லெஸ்டர். கோபம் தணிந்தால் வந்துவிடுவேன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தணிந்துவிட்டது. உன் கடைசிக் கடிதத்தைப் படித்த பிறகு உன்மேல் துளி வருத்தம்கூட இல்லை. அப்படியும் வரத் தோன்றவில்லை. எனக்காகக் காத்திருக்காதே.

என் உடைகளை மாதாகோயில் பழைய துணிக்கடைக்குக் கொடுத்துவிடு. கதவுக்குப் பின்னால் தொங்கும் மழைக்கோட்டை மட்டும் அனுப்பு. அங்கே அதற்கு வேலையே இருந்ததில்லை. இங்கே தினம் மழை.

மொய்ரா