பின்பாதி இராசன்

வேலணை
18.06.1989

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சித்திரையில் போட்ட கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. ஜேர்மனியில் குளிர் குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள், ஆறுதல். இங்கே நானும் வதனியும் சுகம். கிணற்றுத் தண்ணீர் உவர்க்கத் தொடங்கிவிட்டது. பஸ் ஓடினால் ஓடுகிறது, இல்லாவிட்டால் இல்லை.

உங்கள் மகளுக்கு இம்முறை சோதனைக்கு ஒரு பழைய நாடகம் பாடம். கடல் கடந்து போன இராசன் பல வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். இராசாத்தியோ வாசலில் மறித்து, கேள்விமேல் கேள்வி கேட்கிறாள். வதனி அவளைக் கல்நெஞ்சக்காரி என்று எழுதி, அரைவாசிப் புள்ளிதான் வாங்கினாள். அன்னபூரணம் ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, "உந்த நாடகத்தை வாசிச்சு மட்டும் விளங்க ஏலாது. கூத்தா ஆடேக்கை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும்" என்றார்.

புளியங்கூடல் கோயிலில் அதே கதையைக் கூத்தாக ஆடினார்கள். முந்தி விடியவிடிய ஆடுவது, இப்போதைய நிலைமையில் பொழுதுபடமுன் முடித்துவிடுகிறார்கள். ஆனாலும் முன்பாதிக்கு ஓர் இராசன், பின்பாதிக்கு வேறோர் இராசன் என்ற வழக்கத்தை விடவில்லை. ஒருவரை நிற்பாட்டினால் அவருடைய சொந்தக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பிவிடுவார்களே! கப்பலேறிப் போனவர் நெடிய, மெலிந்த ஆழ்வாப்பிள்ளை. திரும்பி வந்தவர் கட்டையான, வயிறு தள்ளிய கதிர்காமு. குரலும் வேறு. சனம் ஒன்றும் நடக்காததுபோல் கச்சான் கொறித்துக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வதனி சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து, "அம்மா, போன ஆள் இல்லை வந்தது. அவ பாவம், என்னெண்டு நம்புறது?" என்றாள். இராசாத்தி வேடம் கட்டிய ஆண்பிள்ளை இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்துப் பாடியபோது என் சிரிப்பும் போய்விட்டது. அத்தனை சனத்துக்கு நடுவில் அழுதேன். வெட்கம்கெட்ட அழுகை.

வதனி விடையைத் திருத்தி எழுதினாள். ரீச்சர் மெச்சினார். அன்றைக்குச் சாப்பிடும்போது, "அப்பா வந்தா எனக்கு ஆளைத் தெரியுமோ?" என்று கேட்டாள். ஏசிவிட்டேன். பிறகு யோசித்தால், பிள்ளையில் பிழையில்லை. நீங்கள் பதுளைக் கடையில் இருந்த காலத்திலும் பொங்கலுக்கும் தேருக்கும்தானே வந்து போனீர்கள். எண்பத்திமூன்று கலவரத்தில் கடை எரிந்து வெளிநாடு போனபோது அவளுக்கு ஒன்பது வயது.

உங்களுடைய புதுப் படம் ஒன்று எடுத்து அனுப்பச் சொல்லிப் பலமுறை எழுதினேன். அதைப்பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதுவதில்லை. முந்திப் பக்கம் பக்கமாக வந்த கடிதமும் சுருங்கிக்கொண்டே வருகிறது.

அத்தான், உங்களுக்குத் தலை நரைத்திருக்கலாம், மயிர் கொட்டியிருக்கலாம். குணமும் மாறியிருக்கலாம். நானும் பழைய சறோ இல்லை, முன்பல் ஒன்று போய்விட்டது. நான் வாசலில் மறித்து ஒன்றும் கேட்கமாட்டேன். நயினாதீவு அம்மாள் உங்களைக் காப்பாற்றட்டும். வாருங்கள். வேண்டுமென்றால் முதலிலிருந்து பழகிக்கொள்ளலாம்.

உங்கள்
சறோஜினிதேவி