நானும் இங்கிலீஷ்னே எழுதிட்டேன்

ஆடி 9, வெள்ளி. குற்றாலச் சாரல் தென்காசி வரை அடிக்கிறது.

என் நிதி மேலாண்மை வகுப்பைப் பற்றி மாணவர்கள் பெயர் போடாமல் எழுதிய கருத்துத் தாள்கள் நேற்று வந்தன. தமிழில் விளக்குவதால்தான் புரிகிறது என்று சிலர். அதனால்தான் இன்டர்வியூவில் வாயே திறக்க முடியவில்லை என்று பலர். இனி இங்கிலீஷ் மட்டும் என்றார் துறைத்தலைவர்.

இன்று அப்படியே நடத்தினேன். "இன்னொரு தடவ சொல்லுங்க சார்" என்று தினமும் எழுந்து நிற்கும் பண்பொழியிலிருந்து வரும் செல்வி எழவே இல்லை. அவள் நோட்டில் தேதி மட்டும் இருந்தது.

மணி அடித்ததும் வந்தாள். "அந்தத் தாள்ல எல்லாரும் இங்கிலீஷ்தான் வேணும்னு எழுதுனாங்க. தமிழ்ல வேணும்னா சிரிப்பாங்கன்னு நானும் இங்கிலீஷ்னே எழுதிட்டேன் சார். இன்னைக்கு ஒண்ணுமே புரியல."

பரவாயில்லம்மா, உட்காரு, சொல்லுதேன் என்றிருக்கலாம். நேற்றிலிருந்து எனக்கும் மனது கசந்து கிடந்தது.

"நோ ப்ராப்ளம்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.