பொய்க் குச்சிகள்

மார்ச் 9
காலையில் வாசலில் ஆட்டுக் கொழுப்பு போட்டேன். எங்கள் பண்ணையின் அண்டங்காக்கை வந்தது, சிறகில் ஓர் இறகு குறைந்த அந்த ஆண். பக்கத்துப் பண்ணைக் காக்கை வேலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது. நம்மவர் பனியைக் கொத்தினார், குனிந்தார், புதைத்ததுபோல் மூடினார். கொழுப்பு மட்டும் வாயிலேயே இருந்தது. அவர் பறந்ததும் வேலிக்காரர் இறங்கி வெறும் பனியைத் தோண்டினார். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மே 17
ஈடர் வாத்துகள் முட்டையிடக் கடலிலிருந்து கரையேறிவிட்டன. தம்பி பிராந்தூரும் நானும் அறுபத்திரண்டு கூடுகள் கண்டோம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் வழக்கம்போல் சிவப்புத் துணி கட்டிய குச்சி நட்டோம். குஞ்சுகள் போனபின், வாத்து கூட்டில் விரித்த மென்னிறகை, அந்தத் தூவியை, எடுத்து விற்க வழி தெரிய வேண்டுமே.

மே 20
பதினோரு கூடு காலி. முட்டை ஒன்றுகூட இல்லை.

மே 21
இன்னும் ஏழு. பிராந்தூர் துப்பாக்கியைத் துடைக்கிறான்.

"நீ ஊட்டி வளர்த்த செல்லப்பிள்ளைதான் அக்கா திருடன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் சுட்டுடுவேன்."

அவன் சொல்வதில் தப்பில்லை. வாத்துகள் மிரண்டு வேறு கரைக்குப் போனால் திரும்ப வராது. தூவி இல்லாமல் இந்தப் பண்ணை ஓடாது. ஆனால் ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு காக்கை ஜோடி சொந்தம். அப்பா காலத்திலும் சுட்டதில்லை.

வாத்தையும் விட மாட்டேன். காக்கையையும் விட மாட்டேன்.

மே 22
பாறைக்குப் பின்னால் மூன்று மணி நேரம் குப்புறப் படுத்துப் பார்த்தேன். காக்கை கூட்டைத் தேடவே இல்லை. நேராகக் குச்சியிடம் வந்து இறங்குகிறது. அன்று எங்கள் கண்ணில் படாததால் குச்சி நடாமல் விட்ட ஒரு கூட்டைத் தாண்டியே நடந்து போனது!

காட்டிக்கொடுத்தது யார்? நான்தான். என் கையாலேயே. வெட்கமாக இருக்கிறது.

மே 23
குச்சிகளை எல்லாம் பிடுங்கினேன். அது கொட்டகைக் கூரையிலிருந்து பார்த்தது. நான் கடைசியாகக் குனிந்த இடத்துக்குப் போய் இன்னொரு கூட்டைக் காலி செய்தது.

அழுகையே வந்துவிட்டது. இது என்னைப் படிக்குதே, என்னால இதைப் படிக்க முடியாதா? படிச்சிருக்கேனே... மார்ச் 9. பொய்யாய்ப் புதைத்த கொழுப்பு.

மே 24
நூறு குச்சி நட்டேன். ஒன்றுகூடக் கூட்டருகே இல்லை. வெற்றுப் பள்ளம் ஒவ்வொன்றிலும் குனிந்து, முட்டையைத் தொட்டு மூடுவதுபோல் நடித்தேன். முதுகு விட்டுப்போயிற்று.

"அக்காவுக்கு மூளை கழண்டுடுச்சு," என்றான் பிராந்தூர்.

"கழண்டா கழண்டுட்டுப் போகட்டும். நீ துணியைக் கிழி."

நிஜக் கூடுகள் இருக்குமிடத்தை இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்திருக்கிறேன். காக்கைக்குப் படிக்கத் தெரியாது. இப்போதைக்கு.

மே 25
நேற்று மாலைக்குள் காக்கை முப்பது குச்சிகளிடம் போய்ப் பார்த்தது. இன்று நான்குதான்.

மே 26, ஞாயிறு
நான் குனிந்தேன். கூரையிலிருந்து பார்த்தது. பிறகு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. கூடு எதுவும் போகவில்லை.

துப்பாக்கி இன்னும் மேசைமேல்தான். "இன்னும் ஒரு வாரம்," என்றான் பிராந்தூர்.

ஜூன் 2
ஒன்றுகூடப் போகவில்லை. பிராந்தூர் மேசையைத் துடைக்க வேண்டும் என்று துப்பாக்கியை எடுத்துச் சுவரில் மாட்டினான். அவன் மேசை துடைத்து நான் பார்த்ததே இல்லை.

ஜூன் 24
மிஞ்சிய கூடுகள் எல்லாம் பொரித்துவிட்டன. தாய்கள் குஞ்சுகளைத் தண்ணீருக்கு அழைத்துப் போகின்றன. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூவி எடுத்தோம்.

அக்டோபர் 12
முதல் பனி. கொழுப்பை நானே போடுகிறேன் என்று பிராந்தூர் வாங்கிக்கொண்டு போனான். காக்கை வந்தது. அவன் காலடியிலேயே, கிணற்றுக்கல் ஓரம் குழி தோண்டி மூடிவிட்டுப் பறந்தது.

"பாத்தியா அக்கா? எங்கிட்ட பயமே இல்ல. என் கண்ணு முன்னாடியே புதைச்சு வைக்குது."

எனக்கு வேலிக்காரர் ஞாபகம் வந்தது.

அவனுக்குப் பொறுக்கவில்லை. போய்த் தோண்டினான், பூட்ஸால் கொஞ்சம், பிறகு கையால். முழங்கை வரை பனி. ஒன்றுமில்லை. அப்படியே குந்தியிருந்து கூரையைப் பார்த்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன்.

உள்ளே வந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"அக்கா, கொழுப்பு இன்னும் இருக்கா?"