குச்சி எனக்கு, பட்டன் உனக்கு

போன ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் என்னை ஈப்போ பழைய டவுனில் ஒரு காப்பிக்கடைக்கு அழைத்துப் போனார்கள். இடிந்து கிடந்த கடைவீட்டுக்குச் சாயம் பூசி, நாம் தூக்கிப் போட்ட சாமான்களையெல்லாம் பொறுக்கி அடுக்கி வைத்திருந்தார்கள். தையல் மெஷின், தகரப் பெட்டி, பழைய ரேடியோ. கதவோரத்தில் அந்த விளையாட்டு மெஷினும் நின்றது. இடப்பக்கம் சிவப்பு உருண்டை வைத்த குச்சி, வலப்பக்கம் வெள்ளைப் பட்டன். திரையில் தொப்பி போட்ட அந்தக் குட்டி ஆள் ஓடிக்கொண்டிருந்தான். காசுகூடப் போட வேண்டாமாம், சும்மா ஆடலாமாம். காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்க் குச்சியைப் பிடித்தேன்.

"ஏன் அத்தை ஓரமா நிக்கிறீங்க? நடுவுல நில்லுங்களேன்," என்றாள் மருமகள்.

அப்போதுதான் கவனித்தேன். மெஷினின் இடது மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். வலப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. உனக்காக விட்ட இடம்.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. திங்கட்கிழமை சோறு அடிபிடித்தது. செவ்வாய்க்கிழமை குளியலறைக் குழாயை மூடாமல் வந்துவிட்டேன். இந்த மடலைக்கூட நின்றுகொண்டேதான் எழுதுகிறேன், இரண்டு வரிக்கு ஒரு தடவை அடுப்படிக்குப் போய் வருகிறேன். உன் பேரை இதில் எழுதப் போவதில்லை. கோபமாக இருக்கும்போது உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டேன் என்று உனக்குத் தெரியும். நீ செத்து மூன்று மாதம் ஆகிறது. அதற்காகக் கோபம் வராமல் இருக்குமா?

முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்த கதைதான் என்றாலும். எண்பதுகளின் நடுவில் நாம் இருவரும் சுங்காய்ப் பக்கத்துத் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து, பிஸ்கட் ஃபேக்டரியில் சேர்ந்தோம். இருபது, இருபத்தொரு வயது. தோட்டத்தில் ரப்பர் பாலை ஷீட்டாக நசுக்கும் உருளை மெஷின் உன் இடது கையில் மூன்று விரல்களைத் தின்றிருந்தது. பெருவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். ஃபேக்டரியில் நான் டின்னைப் பிடித்துக்கொள்வேன், நீ வலது கையால் பிஸ்கட்டை அடுக்குவாய். சூப்பர்வைசர் வந்து பார்த்தால் மற்ற ஜோடிகளைவிட நம் டின்தான் முதலில் நிரம்பியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை லீவு. சினிமாக் கொட்டகைக்குப் பக்கத்துச் சந்தில் அந்த விளையாட்டுக் கடை. உள்ளே ஒரே சிகரெட் புகை, எல்லாம் ஆம்பிளைகள். "போலாம் வா," என்று என் கையைப் பிடித்து இழுத்தாய். "ஐயோ, யாராச்சும் பாத்தா தோட்டத்துல போய்ச் சொல்லிருவாங்க டி," என்றேன். "சொல்லட்டும் லா. என்னால குச்சிய புடிக்க முடியாது. நீ வந்தாதான் நான் ஆட முடியும்," என்றாய். இப்படிச் சொன்ன பிறகு நான் எப்படி வெளியே நிற்பது?

நான் குச்சி, நீ பட்டன். நான் அவனை ஓட்ட வேண்டும், நீ அவனைக் குதிக்க வைக்க வேண்டும். ஒரே மெஷினில் இரண்டு பேர் நிற்பதைப் பார்த்துக் கடைக்காரத் தவுக்கே கத்திக்கொண்டு வந்தான். "சத்து ஓராங் சஜா லா!" ஒருத்தர்தான் ஆட வேண்டுமாம். நீ உன் இடது கையைத் தூக்கி அவன் மூக்குக்கு நேராக நீட்டினாய். மனிதன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். அடுத்த வாரம் நாம் போனபோது அந்த மெஷினுக்கு முன்னால் இரண்டு முக்காலி போட்டிருந்தது.

மெஷினில் எல்லாம் நமக்குப் புரியாத எழுத்து. தொப்பியும் அரைக்கால் சட்டையும் போட்டிருந்ததால் அந்த ஆளுக்குத் துரை என்று பேர் வைத்தாய். தோட்டத்துத் துரையை நாம் ஓட ஓட விரட்டுவது உனக்கு அப்படியொரு சந்தோஷம். "ஓடுங்க தொரை, வெரசா ஓடுங்க!" என்று நீ கத்துகிற கத்தலில் பக்கத்து மெஷின்காரர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு நம்மைப் பார்ப்பார்கள்.

அந்த ஆட்டத்தில் எல்லாமே மாறும். முதல் கட்டத்தில் பாம்பு வரும், அடுத்ததில் பாறை உருளும், அதற்கடுத்ததில் வௌவால். குழி மட்டும் கடைசிவரை வரும். தரை அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று வெட்டிவிட்ட மாதிரி ஒரு கறுப்பு. அடியில் என்ன இருக்கிறது என்று காட்டவே மாட்டார்கள். துரை விழுந்தால் தொப்பி மட்டும் ஒரு நொடி மேலே நிற்கும். பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

பாம்புக்கும் பாறைக்கும் நான் பயந்ததே இல்லை. குழியைக் கண்டால் என் கை தானாகத் தளர்ந்துவிடும். தூரத்திலிருந்தே ஓட விட வேண்டும், விளிம்புக்கு வந்ததும் நீ பட்டனை அமுக்குவாய், அவன் மேலே போவான். அந்த நேரத்திலும் நான் குச்சியை வலப்பக்கம் சாய்த்தே பிடித்திருக்க வேண்டும். நான் விட்டுவிடுவேன். அவன் பாதி வழியில் நின்றாற்போல் நேராகக் கீழே போவான்.

"விட்டுட்டியே டி! அவன் காத்துல இருக்கறப்ப எதுக்குக் கைய எடுக்கற?"

"பயமா இருக்கு டி."

"குதிச்சதுக்கு அப்புறம் என்னடி பயம்? பயப்படறதுன்னா முன்னாடியே பயந்துக்கணும்!"

தப்பித் தவறித் தாண்டிவிட்டால் உன் முழங்கை என் விலாவில் ஓர் இடி இடிக்கும். ஞாயிற்றுக்கிழமை வாங்கிய இடி செவ்வாய்க்கிழமை வரைக்கும் வலிக்கும். அந்த வலிக்காகவே நான் ஆடினேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த வருஷம் சிங்கப்பூரிலிருந்து உன் பெரியம்மா மகள் எழுதினாள். ஹோட்டல்களுக்குத் துணி வெளுக்கும் லாண்டரியில் ஆள் எடுக்கிறார்களாம். படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு இரண்டு பேராகத்தான் வேண்டுமாம், ஜோடியாக வந்தால் வேலை உறுதியாம். நீ கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, "நீ அந்த ரெண்டு மொனைய புடி, நான் இந்த ரெண்டு மொனைய புடிக்கிறேன். அவ்வளவுதான் டி வேல," என்றாய். நான் சரி என்றேன். டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

அப்பா விடவில்லை என்று பிறகு உனக்கு எழுதினேனே, அது பொய். அப்பா, "போறதுன்னா போ புள்ள. இங்க இருந்து என்னத்தக் கிழிக்கப் போற?" என்றுதான் சொன்னார். பஸ் ஏற வேண்டிய அன்று காலையில் துணியெல்லாம் அடுக்கிப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கும் வந்தேன். எதிர்ப்பக்கம் நாசி லெமாக் சோறு விற்கிற கடை வாசலில் நின்றேன். நடுவில் ஒரு ரோடு, அவ்வளவுதான். கால் நகரவில்லை. நீ பஸ் படியில் நின்று அங்கும் இங்கும் தேடினாய், பிறகு என்னைப் பார்த்துவிட்டாய். கூப்பிடவில்லை. வலது கையைத் தூக்கிக் கட்டைவிரலால் காற்றில் ஒரு தடவை அமுக்கினாய். நான் அசையாமல் நிற்கவும் இன்னொரு தடவை அமுக்கினாய். டிரைவர் ஹாரன் அடித்தான். நீ உள்ளே போய்விட்டாய்.

நான் திரும்பி வந்து தினமும் டின் பிடித்தேன், வேறு யாருக்கோ. ஜோடி இல்லாமல் போன உன்னை அந்த லாண்டரிக்காரன் அந்தக் கையோடு என்ன சொல்லித் திருப்பி அனுப்புவான் என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை. ஒரு மாதம் கழித்து உன் கடிதம் வந்தது. வேலை கிடைத்துவிட்டது, ஒரு சீனப் பெண் ஜோடி சேர்ந்திருக்கிறாள், சாப்பாடு பரவாயில்லை. ஏன் வரவில்லை என்று ஒரு வரி கேட்கவில்லை. அதன்பிறகு கல்யாணம் கருமாதி என்று எத்தனை தடவை பார்த்துக்கொண்டோம்! ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன், நீ சாம்பாரில் உப்பு கூடிப்போச்சு என்பாய். உன்னை நடுக்குழியில் கைவிட்டவள் நான் என்றே இத்தனை வருஷமும் திரிந்தேன்.

உன் பதினாறாம் நாளுக்கு ஜொகூரில் உன் வீட்டுக்கு வந்தேன். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு உன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சிரிக்கிறபோது உன் மூக்கு அவளுக்கு.

"ஆண்ட்டி, அம்மா அந்த கேம் ஆடுனத பாத்திருக்கணும் நீங்க. சிங்கப்பூர்ல லாண்டரி பக்கத்து கடையில கூட்டமே கூடிரும். இடது கை மணிக்கட்டால குச்சிய இப்பிடி அணைச்சுக்கிட்டு, வலது கையால பட்டன அடிப்பாங்க. ஒரு குழியிலயும் விழ மாட்டாங்க."

"அங்க போயா கத்துக்கிட்டா?" என்றேன்.

"இல்ல ஆண்ட்டி, ஈப்போவுலயே. ஒங்களுக்குக் காய்ச்சல் வந்து ஒரு ஞாயித்துக்கிழம போகலையாமே? அன்னிக்குத் தனியா ஆடிப் பாத்தாங்களாம், வந்திருச்சாம். அப்புறம் ஏம்மா அவங்கள குச்சிய புடிக்கச் சொன்னீங்கன்னு கேட்டேன். தனியா ஆட வருதுன்னு சொல்லியிருந்தா அவ கடைக்குள்ள வந்திருக்க மாட்டா, வாசல்லயே நின்னுருப்பா, அவளையும் எப்பிடியாச்சும் இழுத்துக்கிட்டுப் போலாம்னு பாத்தேன்னாங்க."

அடி பாவி! அந்தக் காய்ச்சலுக்கு மறுநாள் நீ கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாய். "கடைக்குப் போனியா?" என்று கேட்டதற்கு, "நீ இல்லாம என்னத்தப் போறது," என்றாய். அப்பா விடவில்லை என்று நான் சொன்ன பொய்க்கு முன்னாலேயே நீ பொய் சொல்லி முடித்துவிட்டாய். எனக்கு வந்த கோபத்தில் உன் படத்துக்கு முன்னால் நின்று வாய்விட்டுத் திட்டினேன். உன் மகள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். உனக்கு ஒரு கை குறைச்சல், அது நான்தான் என்று நினைத்துக் குற்றவாளி மாதிரி இருந்தேனே! நீயோ என் கையைப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாய். பஸ் படியில் நின்று நீ அமுக்கியது உனக்கு உதவி கேட்டு இல்லை. என்னைக் குதி என்றாய். ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? சொல்லியிருந்தால் வந்திருப்பேனா என்று கேட்காதே. அதைத்தான் ஐந்து நாளாக நடந்து நடந்து யோசிக்கிறேன்.

நேற்று வியாழக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அந்தக் காப்பிக்கடைக்குப் போனேன். கூட்டம் இல்லை. பரிமாறுகிற பெண் வந்து, "மினும் அப்பா, ஆண்ட்டி?" என்றாள், என்ன குடிக்கிறேன் என்று. பால் விடாத காப்பி ஓ ஒன்று சொல்லிவிட்டு நேராக மெஷினுக்குப் போய் நடுவில் நின்றேன். நடுவில் நிற்பதே ஏதோ அடுத்தவர் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இடது கை குச்சியில், வலது கை பட்டனில். துரை ஓடினான். முதல் குழியில் பட்டனை அமுக்க மறந்தே போனேன், நீதானே அமுக்குவாய் என்று கை சும்மா இருந்துவிட்டது. இரண்டாம் தடவை முன்னாலேயே அமுக்கினேன். மூன்றாம் தடவை சரியாக அமுக்கிக் குச்சியை விட்டேன், தொப்பி மட்டும் மேலே நின்றது. ஆறிப்போன காப்பியைக் குடித்தேன். திட்டினேன், உன்னையா என்னையா தெரியவில்லை.

பிறகு ஓட விட்டேன், தூரத்திலிருந்தே. விளிம்பு வந்தது. அமுக்கினேன். அவன் மேலே போனான், கீழே அத்தனை கறுப்பு. குச்சியை விடவில்லை டி. வலப்பக்கம் சாய்த்துப் பிடித்தபடியே நின்றேன். துரை அக்கரையில் கால் வைத்தான்.

என் உடம்பு தானாக இடப்பக்கம் ஒதுங்கி, விலாவை இறுக்கிக்கொண்டது, உன் முழங்கை வரும் என்று.